மாணவர் வாடகை விடுதிகளின் பாதுகாப்பு (தமிழ்நாடு)

மாணவர் வாடகை விடுதி என்பது, கல்வி நிறுவனத்திற்குச் சொந்தமல்லாத ஒரு தனியார் கட்டடத்தில், ஒரே குடும்பத்தைச் சேராத மாணவர்கள் பலர் சமையலறை, குளியலறை, படிக்கட்டு முதலியவற்றைப் பகிர்ந்துகொண்டு வாடகைக்குத் தங்கும் குடியிருப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது 'பேச்சிலர் ரூம்', 'லேடீஸ் ஹாஸ்டல்', 'பி.ஜி.' எனப் பலவாறு வழங்கப்படுகிறது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 'மேன்சன்' என்பது இதன் பழைய பெயர். இத்தகைய கட்டடத்தை வாடகைக்கு விடும் உரிமையாளர் தீ, மின்சாரம், குடிநீர், கழிவுநீர், கட்டட உறுதி ஆகியவற்றில் மேற்கொள்ள வேண்டிய பாதுகாப்பு ஏற்பாடுகளையும், தமிழ்நாட்டில் அவரைக் கட்டுப்படுத்தும் சட்டங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் பகுதியிலிருந்து தரப்பட்டுள்ளன.

பின்னணி

பாலாற்றங்கரையில் அமைந்த வாணியம்பாடி தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். 2019 நவம்பர் வரை வேலூர் மாவட்டத்தில் இருந்த இந்நகரம் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளின் ஒரு பகுதியை இங்குள்ள வணிகர்கள் கல்விக்குச் செலவிட்டனர். 1919 இல் தொடங்கப்பட்ட இசுலாமியாக் கல்லூரி அதன் முதன்மையான சான்று. அருகிலுள்ள உமராபாத்தில் 1924 இல் நிறுவப்பட்ட சாமியா தாருசலாம், ஆம்பூரின் மசாருல் உலூம் கல்லூரி, திருப்பத்தூரின் தூய நெஞ்சக் கல்லூரி, வாணியம்பாடியின் மருதர் கேசரி ஜெயின் மகளிர் கல்லூரி, வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, 1984 இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இப்போது பல்கலைக்கழகமாக உள்ள வி.ஐ.டி. ஆகியவை இந்தப் பாலாற்றுப் பகுதியை ஒரு கல்வி வட்டாரமாகவும் ஆக்கியுள்ளன.

கல்லூரி விடுதிகளிலும் அரசு நலவிடுதிகளிலும் (2025 இல் இவற்றுக்குச் 'சமூகநீதி விடுதி' எனப் பெயரிடப்பட்டது) இடம் கிடைக்காதவர்களும், அவற்றின் உணவோ கட்டுப்பாடோ ஒத்துவராதவர்களும் வெளியில் வீடு தேடுகின்றனர். ஒரு குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட வீட்டின் மாடியில் எட்டுப் பேர் தங்குவது இவ்வாறுதான் தொடங்குகிறது. கட்டடம் மாறுவதில்லை, அதன் பயன்பாடு மட்டும் மாறிவிடுகிறது. இக்கட்டுரையில் கூறப்படும் இடர்கள் பெரும்பாலானவற்றுக்கு இதுவே வேர்.

குத்தகையா, விடுதியா?

உரிமையாளர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது தாம் நடத்துவது எது என்பதே. வீட்டை முழுமையாக நான்கு மாணவர்களுக்கு ஒப்பந்தம் எழுதி விட்டுவிட்டு, மாத வாடகை மட்டும் பெற்றுக்கொள்வது வாடகை உறவாகும். கட்டில் ஒன்றுக்கு இவ்வளவு எனத் தனித்தனியே கட்டணம் பெற்று, உணவும் காவலும் ஏற்பாடு செய்து, இரவு வாயிலைப் பூட்டும் பொறுப்பையும் தாமே வைத்துக்கொள்வது விடுதி நடத்துதல் ஆகும். முதலாவதற்கு வாடகைச் சட்டமும் இரண்டாவதற்கு விடுதி உரிமச் சட்டங்களும் முதன்மையாகப் பொருந்தும். 'வீட்டைத்தான் வாடகைக்கு விட்டிருக்கிறேன்' என்று கூறிக்கொண்டே விடுதி நடத்துவோர் பலர் இந்த வேறுபாட்டை விபத்து நேர்ந்த பின்னரே அறிகின்றனர்.

மகளிர், குழந்தைகள் விடுதிச் சட்டம்

2014 ஜூன் மாதத்தில் பொள்ளாச்சியில் ஒரு விடுதிக்குள் நுழைந்த வெளியாள் இரு சிறுமியரிடம் பாலியல் வன்கொடுமை புரிந்தார். அவ்விடுதியில் போதிய காவலோ கண்காணிப்போ இருக்கவில்லை. மாநிலம் முழுவதும் அதிர்ச்சியை ஏற்படுத்திய இந்நிகழ்வைத் தொடர்ந்து, அதே ஆண்டில் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் (முறைப்படுத்துதல்) சட்டம் இயற்றப்பட்டது. இதற்கான விதிகள் 2015 இல் வெளியாயின.

இச்சட்டப்படி பெண்களோ 18 வயது நிறைவடையாதவர்களோ தங்கும் விடுதியை மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறாமல் நடத்தக்கூடாது. விண்ணப்பத்துடன் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று, உணவு வழங்கப்படுமாயின் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம் ஆகியவை இணைக்கப்பட வேண்டும். விடுதிக் காப்பாளர், காவலர், வாயிலில் கண்காணிப்புக் கேமரா, வருவோர் போவோர் பதிவேடு ஆகியவையும் கட்டாயம். உரிமமின்றி நடத்தினால் சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் இடமுண்டு.

கண்காணிப்புக் கேமரா வாயிலுக்கும் பொது நடைவழிக்கும் மட்டுமே உரியது. 2018 திசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் மகளிர் விடுதி நடத்தியவர், அறைகளில் மின்செருகிகள் முதலியவற்றுள் கேமராக்களை மறைத்து வைத்திருந்ததைத் தங்கியிருந்த பெண்களே கண்டுபிடித்தனர். நடத்தியவர் கைது செய்யப்பட்டார். பதிவு செய்யப்படாத விடுதிகள் எவ்வளவு பெருகியுள்ளன என்ற கேள்வி அதன் பின்னரே சென்னையில் உரக்க எழுந்தது.

இச்சட்டத்தில் ஒரு பெரிய இடைவெளி உள்ளது. 18 வயது நிறைந்த ஆண் மாணவர்கள் தங்கும் விடுதி இதன் வரம்புக்குள் வராது. கல்லூரி மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் 18 வயதைக் கடந்தவர்களாதலால், ஆடவர் விடுதிகளுக்கு இத்தகைய தனி உரிமமோ முறையான ஆய்வோ இல்லை. அவற்றைக் கட்டட விதிகளும் பொதுவான சட்டங்களும் மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. தீ ஆண் பெண் வேறுபாடு பார்ப்பதில்லை என்ற எளிய உண்மையை நோக்க, இந்த இடைவெளிக்கு நியாயம் கூறுவது கடினம்.

கட்டட உரிமமும் வரைபட அனுமதியும்

பள்ளி, கல்லூரி, விடுதி, நூலகம், சத்திரம் போன்றவை 1965 ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் (உரிமம் வழங்குதல்) சட்டத்தின்கீழ் வருகின்றன. இதற்கான உரிமத்தை வட்டாட்சியர் வழங்குகிறார். கட்டடம் உறுதியாக உள்ளதென்று தகுதியுள்ள பொறியாளர் சான்றளித்த பின்னரே உரிமம் கிடைக்கும். காலம் முடிந்ததும் அதனைப் புதுப்பிக்க வேண்டும்.

2016 ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புக் கட்டடங்களையே பல உட்பிரிவுகளாகப் பிரிக்கிறது. ஒரு குடும்பமோ இரு குடும்பங்களோ வாழும் வீடு ஒரு பிரிவு. பலர் சேர்ந்து உறங்கும் தங்ககம் வேறொரு பிரிவு. ஆகவே வீடாக வரைபட அனுமதி பெற்ற கட்டடத்தை விடுதியாக மாற்றுவதற்கு முன், 2019 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உள்ளாட்சி அமைப்பின் அனுமதி தேவையா என்று கேட்டறிதல் வேண்டும். அனுமதியற்ற மாடியோ, மொட்டைமாடியில் போடப்பட்ட கீற்றுக் கொட்டகையோ தங்கும் அறையாகக் கணக்கிடத்தக்கவை அல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட பள்ளித் தீவிபத்தில், கீற்றுக் கூரையும் குறுகிய படிக்கட்டும் சேர்ந்தே உயிர்களைப் பறித்தன.

தரைக்குக் கீழுள்ள அறைகளும் அவ்வாறே. 2024 ஜூலை 27 அன்று தில்லி பழைய ராசேந்திர நகரில், பொருள் வைக்க அனுமதி பெற்ற ஒரு நிலவறையை நூலகமாகப் பயன்படுத்தி வந்த பயிற்சி மையத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். வாணியம்பாடிக்கு வெள்ளம் புதிதன்று. 1903 நவம்பரில் மேலேயுள்ள ஏரிகள் உடைந்து வந்த பாலாற்று வெள்ளம் நகரின் பெரும்பகுதியை அழித்தது. பல ஆண்டுகள் வறண்டு கிடந்த அதே ஆறு 2021 நவம்பரில் கரைபுரண்டது. ஆற்றோரத் தெருக்களில் தாழ்வான அறைகளை மாணவர்க்கு விடுவோர் இதனை மறத்தலாகாது.

மின்சாரமும் தீயும்

மாணவர் விடுதிகளில் தீ பெரும்பாலும் மின்கம்பியிலிருந்தே பிறக்கிறது. அது பிறக்கும் முறையைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம்.

ஒரு குடும்பம் பயன்படுத்திய அறையில் விளக்கு, விசிறி, ஒரு தொலைக்காட்சி இருந்தன. அவற்றுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போதுமானது. இப்போது அங்கு நால்வர் தங்குகின்றனர். விடியற்காலையில் 1500 வாட் நீர்ச்சூடேற்றிக் கம்பிகள் இரண்டும், 2000 வாட் மின்தூண்டல் அடுப்பு ஒன்றும் ஒரே இணைப்பில் இயங்குகின்றன. மொத்தம் 5000 வாட். இதனை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 22 ஆம்பியர் வரும். சுவருக்குள் குழாயில் செல்லும் அந்தக் கம்பி பாதுகாப்பாகத் தாங்கக்கூடியது சுமார் 15 ஆம்பியரே. முறையாகப் பொருத்தப்பட்ட 16 ஆம்பியர் சுற்றுமுறிப்பான் (எம்.சி.பி.) இந்நிலையில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அது தன் கடமையைச் செய்கிறது. ஆனால் 'அடிக்கடி டிரிப் ஆகிறது' என்ற முறையீட்டுக்குத் தீர்வாக மின்பணியாளர் 32 ஆம்பியர் முறிப்பானை மாற்றிப் பொருத்துகிறார். முறையீடு நின்றுவிடுகிறது. அன்று முதல் முறிப்பானுக்குப் பதிலாகக் கம்பி சூடாகத் தொடங்குகிறது. காப்புறை சில மாதங்களில் இறுகி வெடித்து, ஒரு நாள் தீப்பொறி எழுகிறது.

முறிப்பானை மாற்றுவது தீர்வன்று. அடுப்புக்கும் நீர்ச்சூடேற்றிக்கும் தனித் தனியே 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுப்பதே சரியான தீர்வு. இதனுடன் 30 மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுமின் முறிப்பானும் (ஆர்.சி.சி.பி.) நல்ல நிலையிலுள்ள நிலத்தொடர்பும் தேவை. சுற்றுமுறிப்பான் கம்பியைக் காக்கிறது. கசிவுமின் முறிப்பான் மனிதரைக் காக்கிறது. ஈரக்கையுடன் நீர்ச்சூடேற்றிக் கம்பியைத் தொடும் மாணவருக்கு இரண்டாவதே உயிர்காப்பு.

2024 செப்டம்பர் 12 அதிகாலையில், மதுரைக் கட்ராபாளையத்தில் இருந்த மகளிர் விடுதியில் குளிர்பதனப் பெட்டி வெடித்துத் தீப்பற்றியதில் பெண்கள் இருவர் இறந்தனர். மேலும் சிலர் காயமுற்றனர். பெட்டியிலிருந்து எழுந்த புகை உறங்கிக்கொண்டிருந்தவர்களைச் சூழ்ந்தது. பழைய கட்டடமான அதனை இடிக்குமாறு மாநகராட்சி முன்னரே அறிவிப்பு அளித்திருந்த செய்தி பின்னர் வெளிவந்தது.

வேலூரும் இத்தகைய ஓர் இழப்பைக் கண்டது. 2022 மார்ச் மாதத்தில் சின்ன அல்லாபுரத்தில், வீட்டில் மின்னேற்றத்தில் விடப்பட்டிருந்த மின் இருசக்கர ஊர்தி இரவில் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் புகையால் மூச்சுத்திணறி இறந்தனர். மாணவர் விடுதிகளில் மின் ஊர்திகளை மாடிப்படியின் அடியில் நிறுத்தி மின்னேற்றுவது இப்போது வழக்கமாகி வருகிறது. படிக்கட்டின் அடியில் எழும் புகை புகைபோக்கியில் ஏறுவதுபோல் மேல்தளங்களுக்கு ஏறும். அதே நேரத்தில் ஒரே வெளியேறும் வழியும் அடைபடும். எனவே மின்னேற்றும் இடம் கட்டடத்துக்கு வெளியே, திறந்த வெளியில் இருத்தல் வேண்டும்.

தீவிபத்துகளில் மிகுதியானோர் புகையால் இறக்கின்றனர். சுடர் அவர்களை எட்டுவதற்கு முன்பே அது நேர்ந்துவிடுகிறது. உறங்குபவரை எழுப்ப ஒலி வேண்டும். மின்கலத்தில் இயங்கும் புகை உணரி ஒன்றைத் தளந்தோறும் பொருத்துவது, உரிமையாளர் செய்யக்கூடியவற்றுள் செலவு மிகக் குறைந்ததும் பயன் மிக உயர்ந்ததும் ஆகும். ஆயினும் சிறு நகர விடுதிகளில் அது அரிதாகவே காணப்படுகிறது. சன்னல்கள் அனைத்திலும் அசையாத இரும்புக் கம்பிகள் இருப்பின், தளத்துக்கு ஒரு சன்னலிலேனும் உள்ளிருந்து திறக்கக்கூடிய கம்பிக்கதவு அமைக்க வேண்டும். இரவில் வாயிலை வெளிப்பூட்டால் பூட்டுதல் கூடாது. காவல் கருதிப் பூட்டியே தீர வேண்டுமாயின், உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் தாழ் பொருத்தலாம். 2023 ஜூனில் தில்லி முகர்ச்சி நகரில் பயிற்சி மையத் தீயின்போது மாணவர்கள் கம்பிகளைப் பற்றிக்கொண்டு மேல்தளத்திலிருந்து இறங்கிய காட்சி, இரண்டாவது வழி இல்லாத கட்டடம் என்னவாகும் என்பதை நாட்டுக்குக் காட்டியது.

சமையல் எரிவளி

வீட்டு இணைப்புக்குரிய 14.2 கிலோ உருளையை விடுதிச் சமையலுக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. வணிகப் பயன்பாட்டுக்குரிய 19 கிலோ உருளையே பயன்படுத்தப்பட வேண்டும். எரிவளி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படிந்து தாழ்வான இடத்தில் தேங்கும். ஆகையால் உருளையை நிலவறையிலோ குழியிலோ வைத்தலாகாது; நிமிர்ந்த நிலையில், தரைமட்டக் காற்றுவழி உள்ள இடத்தில் வைக்க வேண்டும். காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிவளி நீர்ச்சூடேற்றி பொருத்துவது அதனினும் கொடிது. அது உண்டாக்கும் கார்பன் மோனாக்சைடு வளிக்கு மணமோ நிறமோ இல்லை.

குடிநீரும் கழிவுநீரும்

இப்பகுதி விடுதிகளுக்கே உரிய சிக்கல் நீர். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பல பத்தாண்டுகளாகப் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரை உவராக்கியுள்ளது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 'மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் நிலைநிறுத்தியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2025 சனவரியில், அதே பகுதியின் மாசு குறித்து உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணைகள் பிறப்பிக்க நேர்ந்தது.

எனவே ஆழ்துளைக் கிணறு உள்ளது என்பதனாலேயே விடுதியில் குடிநீர் உள்ளது என்று கொள்ள இயலாது. இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) கரைந்த திண்மங்களின் ஏற்கத்தக்க அளவை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என வகுக்கிறது, வேறு நீர் கிடையாதபோது 2000 வரை இடமளிக்கிறது. கையடக்கக் கருவியால் இதனைக் கணத்தில் அளந்துவிடலாம். ஆனால் அக்கருவி குரோமியத்தையோ கிருமிகளையோ காட்டாது. அவற்றுக்கு ஆய்வகச் சோதனை தேவை. காவிரிக் கூட்டுக் குடிநீரைக் குடிக்கவும் சமைக்கவும், ஆழ்துளை நீரைப் பிறவற்றுக்கும் எனக் குழாய்களைத் தனித்தனியே அமைத்துப் பெயரெழுதி வைப்பது நல்ல நடைமுறை. மேல்நிலைத் தொட்டிக்கு மூடி இல்லாவிடில் டெங்குக் கொசு அங்கேயே பெருகும்.

ஐவருக்காகக் கட்டிய கழிவுநீர்த் தொட்டியை இருபது பேர் பயன்படுத்தினால் அது விரைவில் நிரம்பும். அதனைத் தூய்மை செய்ய எவரையும் உள்ளே இறக்குவது 2013 ஆம் ஆண்டின் கையால் கழிவகற்றுவோர் பணிநியமனத் தடைச் சட்டப்படி குற்றம், இறக்கியவர் தண்டனைக்குரியவர். தொட்டியில் இறங்கி உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. உரிமம் பெற்ற கழிவுநீர் ஊர்தியை அழைப்பதற்குத் தமிழ்நாட்டில் 14420 என்ற எண் உள்ளது.

வாடகை ஒப்பந்தம்

1960 ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்துவடிவில் இருத்தல் வேண்டும். அதனை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்தல் வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகக்கூடாது. 'பத்து மாத அட்வான்ஸ்' என்ற நெடுநாள் வழக்கம் இதனால் சட்டத்துக்குப் புறம்பாயிற்று. நடைமுறையில் அது இன்னும் மறைந்தபாடில்லை.

பழுதுபார்ப்பில் யார் எதற்குப் பொறுப்பு என்பதையும் இச்சட்டத்தின் அட்டவணை வகுத்துள்ளது. கட்டட அமைப்பைச் சார்ந்த பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பி அமைப்பு ஆகியவை உரிமையாளருடையவை. குழாய் வாசர், சுவிட்சு, தாழ்ப்பாள், உடைந்த கண்ணாடி போன்றவை குடியிருப்போருடையவை. மேலே கூறிய மின்கம்பிக் கணக்கில் பொறுப்பு யாருடையது என்பதற்கு விடை இங்கேயே உள்ளது.

வாடகை நிலுவையில் இருப்பினும் தண்ணீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் நிறுத்தலாகாது. ஆய்வுக்கோ பழுதுபார்ப்புக்கோ வீட்டினுள் நுழைய 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்புத் தர வேண்டும். மாணவர்களிடம் இவ்வறிவிப்பு தேவையில்லை என்ற எண்ணம் உரிமையாளரிடையே பரவலாக உள்ளது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

வரியும் பிற கடமைகளும்

தனியார் விடுதிக் கட்டணத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி உண்டா என்பது சில ஆண்டுகள் பூசலுக்குரியதாக இருந்தது. மாணவர்களும் பணிபுரியும் பெண்களும் தங்கும் விடுதி குடியிருப்பே என்பதால் வரிவிலக்கு உண்டு எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அதன்பின் சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் பரிந்துரைப்படி, ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமலும், தொடர்ந்து 90 நாட்களுக்குக் குறையாமலும் தங்கும் சேவைக்கு 2024 ஜூலை 15 முதல் விலக்கு அளிக்கப்பட்டது.

வெளிநாட்டு மாணவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு இணையவழித் தகவல் தர வேண்டும். வேலூரில் இது அன்றாடத் தேவை. 1997 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ரேகிங் தடைச் சட்டம் கல்வி நிறுவன வளாகத்துக்கு வெளியே நிகழும் கொடுமைகளுக்கும் பொருந்துவதால், வெளி விடுதி என்ற காரணத்தால் எவரும் அதிலிருந்து தப்ப இயலாது.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வசதிகளைப் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு, 2004 ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் கட்டாயம். மூன்று மாடிகளுக்குக் குறைந்த வீடுகளுக்கு முன்பு இருந்த விலக்கு 2018 அக்டோபரில் நீக்கப்பட்டது. ஒருவர் உறங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையலாகாது எனவும், தளந்தோறும் புகை உணரி இருத்தல் வேண்டும் எனவும் அங்கு விதிகள் உள்ளன. அங்குள்ள முறையில் குறிப்பிடத்தக்கது, உரிமத்தின் தேவை தங்குவோரின் பாலையோ வயதையோ பொறுத்ததன்று. ஒரே கூரையின்கீழ் உறங்குவோரின் எண்ணிக்கையையும் அவர்கள் ஒரே குடும்பத்தினர் அல்லர் என்பதையும் பொறுத்தது.